கை நீட்டியவர்

உட்காரும்படி மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். அவள் உட்காரவில்லை. பிணவறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தைக் குடிதண்ணீர்க் குழாயிலிருந்து இரும்புக் கதவு வரைக்கும், கதவிலிருந்து குழாய் வரைக்கும் அளந்துகொண்டே இருந்தாள். கையெழுத்துப் போடக் கொடுத்த பேனா இன்னும் அவள் விரல்களுக்கிடையில் இருந்தது. பிணவறைக் காவலாளி இரண்டு தடவை அதைத் திருப்பிக் கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு பென்சிலைத் தேடியெடுத்து எழுத ஆரம்பித்திருந்தார்.

"அம்மா, நேத்திலேருந்து நின்னுக்கிட்டே இருக்கே. கொஞ்சம் உக்காரு," என்றாள் மகள்.

"உக்காந்தா என்னமோ பண்ணுது."

மகளுக்குப் பத்தொன்பது வயது. அழுது அழுது கண் இமைகள் வீங்கி, குழந்தையாக இருந்தபோது ஜுரம் வந்தால் இருக்குமே, அந்த முகமாக ஆகியிருந்தது. அப்பாவின் கருவிப் பையை மடியில் வைத்திருந்தாள். லிப்ட் மெக்கானிக்கின் பை. அசைந்தால் உள்ளே திருப்புளிகள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. நேற்று ஆஸ்பத்திரியில் வாங்கியதிலிருந்து அதை அவள் யாரிடமும் தரவில்லை.

பெஞ்சின் மறுகோடியில் அவள் மைத்துனர், கணவரின் அண்ணன். முப்பது வருடம் கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி செத்த மறுநாளும் சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாதவர். முழங்காலின் மேல் ஒரு காகித உறை. அதற்குள் அவரே கைப்பட எழுதிய புகார் இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் இளம்பெண். முகமூடியைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கிட்டு இருந்தாரா?"

அவள் தலையசைத்தாள்.

"நேத்து காலைல ஊசி போட்டப்புறம் சாப்பிட்டாரா?"

சாப்பிடவில்லை. ஏழரை மணிக்கு ஊசி போட்டுக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தார். கம்பெனியிலிருந்து போன் வந்தது. எட்டாவது மாடிக்கும் ஒன்பதாவது மாடிக்கும் நடுவில் லிப்ட் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு பிள்ளைத்தாய்ச்சி மாட்டிக்கொண்டிருக்கிறாளாம். "வழியில எதாவது சாப்பிட்டுக்கறேன்" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணை வெளியே எடுத்துவிட்டார். எடுத்த கையோடு அடுத்த கட்டடத்துக்குப் போகச் சொல்லி இன்னொரு போன்.

"சர்க்கரை ரொம்ப இறங்கியிருக்கும். இதயமும் ஏற்கெனவே பலவீனம். அது தாங்கல," என்றாள் டாக்டர். "சர்க்கரை அந்த அளவுக்கு இறங்கினா நாக்கு குழறும். கால் நிக்காது. தான் எங்க இருக்கோம், பையில என்ன இருக்குன்னு கூடத் தெரியாது. பாக்கறவங்க குடிச்சிருக்கார்னுதான் நெனைப்பாங்க."

மைத்துனர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "குடிச்சிருந்தானா டாக்டர்? ஆறு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அந்தப் பழக்கம் இருந்துச்சு. அதான் கேக்கறேன்."

"ஒரு சொட்டு இல்ல."

அவள் நடை நின்றது. அடுத்த நொடி முன்னைவிட வேகமாகக் குழாயை நோக்கிப் போனாள். குழாயைத் திறந்தாள். குடிக்கவில்லை. மூடினாள்.

"நெத்தியில காயம் இருக்கே?" என்று மைத்துனர் விடவில்லை.

"சின்னக் காயம்தான். விழுந்தப்ப பட்டிருக்கும்."

"யாராவது பிடிச்சுத் தள்ளியிருந்தா?"

"அதை நான் சொல்ல முடியாதுங்க. போலீஸ்தான் சொல்லணும்." டாக்டர் திரும்பப் போனவள் நின்றாள். "வாயில மிட்டாய் இருந்துச்சு. மூணு, நாலு. ஒண்ணு காகிதத்தோடயே இருந்துச்சு. பதட்டத்துல யாரோ திணிச்ச மாதிரி. அதையும் எழுதியிருக்கேன்."

உடலைத் தருவதற்குக் காவல் நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றார் காவலாளி. மைத்துனர் காகித உறையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பத்து நிமிஷ வேலைம்மா. அந்தப் பிச்சைக்காரன் கையிலதான் போன் இருந்திருக்கு. கையும் களவுமா பிடிச்சிருக்காங்க. தள்ளிவிட்டுப் பிடுங்கியிருக்கான் படுபாவி. நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன். வெளியே வரவே முடியாதபடி பண்றேன்."

வாடகைக் காரில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கார் நகர்ந்ததும்தான் மூச்சு விட முடிந்தது. சிக்னலில் நின்றபோது மறுபடி என்னவோ பண்ணியது. நகர்ந்தால் தேவலை. யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு கிழவி, உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோனாள். ஓட்டுநர் திரும்பாமலே கையை வீசினார், ஈயை விரட்டுகிற வீச்சு. கார் கிளம்பியது.

"அம்மா, உன் போனைக் குடு," என்றாள் மகள்.

"எதுக்கு?"

"அப்பா போட்டோ அதுலதானே இருக்கு. நீல சட்டை போட்டது. பெரியப்பா பிரேம் போடக் கேட்டாரு."

"சார்ஜ் இல்ல."

"காலைல அடிச்சுதே?"

"இல்லைன்னு சொல்றேன்ல!"

குரல் உயர்ந்துவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். அவள் கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து அந்தக் கைபேசி அவள் கையைவிட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனபோதுகூட உள்ளே எடுத்துப் போனாள். வருகிற அழைப்புகளுக்கெல்லாம் "ஆமா... நேத்து... ஆமா" என்று பதில் சொல்லிவிட்டு உடனே அணைத்துவிடுவாள். ஒரு தடவை அந்தப் பட்டியலை அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனாள். விரல் கேட்கவில்லை.

போனை எடுப்பதுதான் அவள் வேலை. பல் டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருடமாக முன்மேசையில் இருக்கிறாள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது டாக்டர் போட்ட விதி. வலியில் கத்துகிறவர்கள், நாக்கு மரத்துப்போய்ப் பேசுகிறவர்கள், வீங்கிய தாடையோடு உளறுகிறவர்கள் என்று எல்லாருடைய பேச்சும் அவளுக்குப் புரியும். "அந்தம்மா குரலைக் கேட்டாலே பாதி வலி போயிடுது" என்று ஒரு நோயாளி டாக்டரிடமே சொல்லியிருக்கிறார்.

பேருந்து நிலையத்தின் ஒரு மூலையில்தான் காவல் நிலையம். அதற்கு மேம்பாலப் படிக்கட்டைத் தாண்டிப் போக வேண்டும். மைத்துனர் நின்று, "இங்கதான்," என்றார். படிக்கட்டுக்கு அடியில் ஒரு ஆள் முடங்கிப் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். யாரும் அங்கே பார்க்கவில்லை. பார்க்கும்படி அங்கே ஒன்றும் இல்லை.

நிலைய அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். நாற்காலி போடச் சொன்னார். மைத்துனரின் பழைய உத்தியோகத்தைக் கேட்டதும் "சார்" சேர்த்துக்கொண்டார். அவள் மட்டும் சுவரோரம் நின்றாள்.

"கேமரா பதிவு இருக்கு. ஆனா படிக்கட்டுக்கு அடியில என்ன நடந்துச்சுன்னு அதுல விழல," என்றார். "பாக்கறீங்களா? வேண்டாம்னா வேண்டாம்."

"பாக்கணும்," என்றாள் மகள்.

கணினித் திரையில் நிறமே இல்லாத ஒரு பேருந்து நிலையம். சத்தமும் இல்லை. மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து முப்பத்தொன்பதுக்கு அவர் வந்தார். தோளில் பை. வேலைச் சட்டையில் கிரீஸ் கறை. நடையில் என்னவோ சரியில்லை. ஒரு காலை எடுத்து வைப்பதற்கு முன் தரை அங்கே இருக்கிறதா என்று பார்க்கிறவர் போல நடந்தார். தூணைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பொத்தான் போனை எடுத்தார். கிரீஸ் கைக்கு இதுதான் லாயக்கு என்று தொடுதிரை வாங்காமலே இருந்தவர்.

பத்து நாற்பத்திரண்டு. போனைக் காதில் வைத்தார். வாய் அசைந்தது. பிறகு அசையவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுபோன ஒரு இயந்திரத்தின் முன்னால் அவர் அப்படித்தான் நிற்பார், எங்கே கோளாறு என்று முதலில் கண்ணாலேயே தேடிக்கொண்டு.

சுவரில் சாய்ந்திருந்த அவளுடைய முதுகு வியர்த்தது.

மறுபடி போனைக் காதில் வைத்தார். எடுத்தார். இன்னொரு தடவை. எடுத்தார். அதற்குப் பிறகுதான் அவர் கையை நீட்டினார்.

முதலில் ஒரு இளைஞன். கேட்டுக்கொண்டே நடந்தான், நிற்கவில்லை. அடுத்து இரண்டு பெண்கள். ஒருத்தி மற்றவளைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பழச்சாறு விற்கும் கடைக்குப் போனார், இரண்டு கையையும் ஏந்தினார். கடைக்காரர் வெளியே வந்து, அவர் முழங்கையைப் பிடித்துத் திருப்பி, முதுகில் லேசாகத் தட்டி அனுப்பினார். கோபமில்லாத தட்டுதான். தினம் நாலு பேரை அனுப்புகிறவரின் தட்டு. பள்ளிக்கூடப் பையோடு ஒரு சிறுமி நின்று பார்த்தாள். அவளுடைய அம்மா திரும்பி வந்து அவள் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போனாள்.

"நிறுத்துங்க," என்றார் மைத்துனர். அவருடைய இஸ்திரிச் சட்டை ஏறி இறங்கியது. "இது... என் தம்பி இப்படியெல்லாம்... சின்ன வயசுல பசியில மயங்கி விழுந்தப்பகூட பக்கத்து வீட்ல போய் நின்னதில்ல சார் அவன். பர்ஸ் பின்னாடிப் பையிலயே இருந்திருக்கே! எடுத்து வாங்கத் தெரியாதா?"

"டாக்டர் சொன்னாங்களே பெரியப்பா," என்றாள் மகள். "பையில என்ன இருக்குன்னே தெரியாதுன்னு."

நிறுத்தச் சொன்னாலும் அதிகாரி நிறுத்தவில்லை. பத்து ஐம்பத்தொன்றுக்கு அவர் படிக்கட்டின் மூன்றாம் படியருகே போனார். அங்கே சாக்குத்துணி விரித்து ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனிடமும் கையை நீட்டினார். அவன் அண்ணாந்து பார்த்தான். திரையில் அவன் சிரிப்பது நன்றாகத் தெரிந்தது. அவர் தள்ளாடிப் படிக்கட்டின் பின்பக்கம் போய் மறைந்தார். ஏதோ சத்தம் கேட்டிருக்க வேண்டும். சிரித்தவன் எழுந்து அந்தப் பக்கம் ஓடினான்.

பிறகு பதின்மூன்று நிமிடம் படிக்கட்டும் ஜனங்களும் மட்டும்தான். பதினொன்று நாலுக்கு அவன் வெளியே வந்தான். கையில் பொத்தான் போன். ஒவ்வொருவரிடமும் ஓடி அதை நீட்டினான். எல்லாரும் விலகினார்கள். சீருடைக் காவலாளி ஒருவன் வந்தான். கம்பு இறங்கியது. போன் தரையில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. அவன் விழுந்தான். கம்பு நிற்கவில்லை.

"திருட்டுப் போனை விக்கப் பாத்திருக்கான்," என்றார் அதிகாரி. "உடைஞ்சதுனால அதுல ஒண்ணும் எடுக்க முடியல. கம்பெனிகிட்டக் கேட்டிருக்கோம், அஞ்சாறு நாள் ஆகும். இவனை விசாரிச்சா வாயே தொறக்க மாட்டேங்கறான். நீங்க புகார் குடுத்தீங்கன்னா தள்ளிவிட்டதையும் சேத்து எழுதிடலாம்."

பெண் காவலர் ஒருவர் அவனை அழைத்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தான், ஒரு பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பதுபோல.

"பேரு?" என்றார் மைத்துனர், கோர்ட்டில் கேட்கிற மாதிரி.

"சில்லறைன்னு கூப்பிடுவாங்க சார். பஸ் ஸ்டாண்டுல எல்லாருக்கும் தெரியும்," என்றார் பெண் காவலர்.

"என் தம்பியை என்னடா பண்ணினே?"

அவன் மைத்துனரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற அவளைத்தான் பார்த்தான். தொண்டை எலும்பு ஏறி இறங்கியது. உதடுகள் கூடின, பிரிந்தன, கூடின. சொல் வெளியே வருவதற்குள் தலை இரண்டு தடவை வெட்டி வெட்டித் திரும்பியது.

"அ... அ... அம்..."

"நடிக்காதே!" என்று மைத்துனர் மேசையைத் தட்டினார்.

"அ... அம்மா..."

அவள் கையிலிருந்து பேனா விழுந்தது. அது உருண்டு மேசைக்கடியில் போகும்வரை எல்லாருக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"கையெழுத்து இங்கதாம்மா," என்று மைத்துனர் புகாரை விரித்து, விழுந்த பேனாவைக் குனிந்து எடுத்து நீட்டினார். "ம், போடு. போயிட்டு வேலையைப் பாக்கலாம். வெயில் ஏறுது, அங்க அவன் தனியாக் கெடக்கறான்."

அவள் பேனாவை வாங்கினாள். காகிதத்தைப் பார்த்தாள். மணியான கையெழுத்து. 'என் கணவரைக் கீழே தள்ளி' என்ற வரி கண்ணில் பட்டது.

"மாமா," என்றாள். "இவர் தள்ளல."

"உனக்கென்னம்மா தெரியும்?"

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே கை நுழைந்து தேடியது. ஒரு சீப்பு வந்தது, ஊசிமருந்துச் சீட்டு வந்தது, கைபேசி கடைசியாக வந்தது. திரையைத் தொட்டுப் பட்டியலைத் திறந்து, அதிகாரியின் மேசைமேல் வைத்தாள். வைத்த பிறகும் விரலை எடுக்கவில்லை. எடுக்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"பத்து நாப்பத்திரெண்டு. அது அவர். நான் எடுத்தேன். வாய் கொழகொழன்னு இருந்துச்சு. இனிப்பு, இனிப்புன்னு என்னமோ சொன்னாரு. நான்... கிளினிக்ல அஞ்சு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களான்னு கேட்டேன். வேலை நேரத்துல எனக்குப் பண்ணாதீங்கன்னு சொல்லி வெச்சிட்டேன்."

அதிகாரி குனிந்து திரையைப் படித்தார்.

"பத்து நாப்பத்திநாலு, நாப்பத்தேழு. எடுக்கல. போனைக் கவுத்து வெச்சிட்டேன். பத்து அம்பத்தெட்டு, எடுக்கல. பதினொண்ணு ஒண்ணுக்கு எடுத்தேன். திட்டலாம்னுதான் எடுத்தேன். அவர் பேசல. வேற யாரோ அ... அன்னு இழுத்தாங்க. அம்மான்னாங்க. கூடக் குடிக்கிற ஆள்னு நெனைச்சு வெச்சிட்டேன். அப்புறம் பதினொண்ணு ரெண்டு. பதினொண்ணு மூணு. எடுக்கல." அவள் அவனைக் கைகாட்டினாள். "இந்தக் குரல்தான். இவர் திருடல. எனக்குத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்காரு."

சுவர்க் கடிகாரம் ஓடியது. வெளியே ஒரு நடத்துனர் விசிலடித்தார்.

"ஏழு தடவை," என்றார் மைத்துனர். அவளைக் கேட்கவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு கேட்டார். "எடுத்திருந்தா என்னம்மா? ஒரு வார்த்தை பொறுமையாக் கேட்டிருந்தா என்ன?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் கருவிப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், சுற்றினாள். எழுந்தாள். நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். திருப்புளிகளின் சத்தம் வாசல்வரை கேட்டுக் கரைந்தது.

மைத்துனர் புகாரை எடுத்தார். இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைத்தார். சில்லறையின் பக்கம் திரும்பினார், ஏதோ சொல்லப் போகிறவர்போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவரும் வாசலுக்குப் போனார்.

அதிகாரி இரண்டு கடிதங்கள் எழுதினார். ஒன்று பிணவறைக்கு. இன்னொன்று அவனை அனுப்பிவிடுவதற்கு. எழுதி முடிக்கும்வரை அவளும் அவனும் ஒரே சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"எ... என் பை எங்க?" என்றான் அவன் பெண் காவலரிடம்.

"என்ன பை?"

"து... துணிப் பை. மி... மிட்டாய் இருக்கும்."

"அதெல்லாம் தெரியாது. கிளம்பு."

"எ... என் பை!" அவன் நகரவில்லை. அடி வாங்கியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவன், பைக்காகத் தரையை மிதித்தான். பெண் காவலர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே தேடப் போனார்.

"மிட்டாய் நீங்கதான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள் அவள்.

அவன் தலையாட்டினான். சொல்ல நேரமெடுத்தது. அவள் காத்திருந்தாள். முடிக்காத சொல்லை எடுத்துக் கொடுக்கவில்லை. கிளினிக்கில் நாக்கு மரத்தவர்களிடம் அப்படித்தான் காத்திருப்பாள். சில்லறை இல்லாதவர்கள் மிட்டாய் போட்டுவிட்டுப் போவார்களாம். கடைகளில் பாக்கிக்குத் தருவது. அவனுக்குப் பல் இல்லை, தின்பதில்லை. பை நிறைய சேர்ந்துவிட்டதாம். அவர் இனிப்பு இனிப்பு என்று சொல்லிக்கொண்டே விழுந்ததால், உறையைப் பிரிக்கிற அவசரத்தில் ஒன்றைப் பிரிக்காமலே போட்டுவிட்டானாம்.

"அ... அவரைத் தெரியும்," என்றான். "தெ... தெனம் போவாரு. கை காலு ந... நல்லாத்தானே இருக்கு, ஒ... ஒழைச்சா என்னான்னு திட்டுவாரு. தெ... தெனம்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் சொல்லக்கூடியதுதான். காரில், பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கே யார் கை நீட்டினாலும் அவர் சொல்கிற அதே வாக்கியம்.

"அ... அதான், கை நீட்டினாரா... கே... கேலி பண்றாருன்னு நெனச்சேன். சி... சிரிச்சிட்டேன்."

அவனுடைய திறந்திருந்த ஒரு கண் அவளைப் பார்த்தது. அந்தப் பார்வையில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. புரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அவசரம் மட்டும் இருந்தது.

"நீ... நீங்க ஏம்மா வெ... வெச்சிட்டீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். மேசைமேல் அவளுடைய கைபேசி இன்னும் அணையாமல் கிடந்தது. பெண் காவலர் ஒரு துணிப் பையைக் கொண்டுவந்து அவன்மேல் போட்டார். அவன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தான், எண்ணவில்லை, தடவிப் பார்த்தான். திருப்தியாயிற்று. பதிலுக்குக் காத்திராமல், இடது கையை வலது கையால் தாங்கியபடி வாசலைத் தாண்டிப் போனான். வாசலில் நின்றிருந்த மைத்துனர் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். தேவைக்கு மேலேயே ஒதுங்கினார்.

"அந்தக் கையை எங்கயாவது காட்டணும்," என்றாள் அவள் அதிகாரியிடம். "ஒடைஞ்சிருக்கு."

"அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா," என்றார் அதிகாரி கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டே.

அவள் வெளியே ஓடினாள். படிக்கட்டுவரை போனாள். மூன்றாம் படியில் சாக்குத்துணி இல்லை. மேம்பாலத்தின்மேல் ஏறிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஜனம், அந்தப் பக்கம் ஜனம். பழச்சாறு கடைக்காரரைக் கேட்டாள்.

"சில்லறையா? இங்கதான் கெடப்பான். சாயங்காலம் வந்து பாருங்க," என்றவர், அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "ஏன், உங்ககிட்டயும் எதாச்சும் திருடிட்டானா?" என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகளைப் பார்த்தாள். தோல் உரித்து உரித்துப் பழக்கறை படிந்த, சாதாரணக் கைகள். வீட்டில் அவருக்கும் யாராவது சாப்பாடு எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். மைத்துனர் வந்து, "வண்டி வந்துடுச்சாம்மா, போன் வந்துச்சு," என்றார். அவள் திரும்பி நடந்தாள்.

பிணவறை வாசலில் அமரர் ஊர்தி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. மகள் ஏற்கெனவே அங்கே இருந்தாள். எப்படி வந்தாள், பஸ்ஸிலா, நடந்தா என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றிய உடலை இரண்டு பேர் தூக்கி உள்ளே வைத்தார்கள். நீளமான ஆள். காலை மடக்காமல் வைக்க ஸ்ட்ரெச்சரைக் கொஞ்சம் குறுக்காகத் திருப்ப வேண்டியிருந்தது.

"பின்னாடி ரெண்டு பேர் உக்காரலாம். முன்னாடி என்கூட ரெண்டு பேர்," என்றார் ஓட்டுநர். "ஸ்ட்ரெச்சரைக் கட்டற பட்டை சரியில்ல. வழி முழுக்க வேகத்தடை. பின்னாடி ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டா நல்லது."

"நான் உக்காந்துக்கறேன்," என்றாள் அவள்.

"நீ முன்னாடி வாம்மா," என்று மைத்துனர் மகளைக் கூப்பிட்டார். முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மகள் முன்கதவைப் பார்த்தாள். பின்னால் ஏறிக்கொண்டிருந்த அம்மாவின் காலைப் பார்த்தாள். ஒரு செருப்பு படியில் கழன்று விழுந்திருந்தது. அதை அம்மா கவனிக்கவில்லை.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் ஒலிப்பானைத் தொடலாமா வேண்டாமா என்று கையை வைத்துக்கொண்டிருந்தார்.

மகள் குனிந்து செருப்பை எடுத்தாள். வண்டிக்குள் எறிந்தாள். எதிர்ப்பக்க இருக்கையில் ஏறி, அம்மாவைப் பார்க்காமல், சின்ன ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கதவு சாத்தப்பட்டது.

அவளால் உட்கார முடிந்தது. முழங்கால்கள் ஸ்ட்ரெச்சரின் விளிம்பில் இடித்தன. ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் முதல் வேகத்தடை வந்தது. வண்டி ஏறி இறங்கியபோது துணிக்குள் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் நீண்டன. ஒன்று நெற்றியைப் பிடித்தது. இன்னொன்று கன்னத்தை.

வண்டி சமநிலத்துக்கு வந்தது. மகள் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.